ஸ்டாலினை எடைபோடும்போது சறுக்குகிற இடங்கள்

ரஷ்யாவின் ஸ்டாலினைத்தான் சொல்கிறேன், நம்ம ஊரில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "டைம் பத்திரிகையே ரெண்டு தடவை அட்டையில போட்டு ஆண்டின் மனிதர்னு சொல்லுச்சே" என்பார். சொன்னது உண்மைதான், 1939க்கும் 1942க்கும். ஆனால் அது பாராட்டுப் பத்திரம் இல்லை, நல்லதோ கெட்டதோ அந்த ஆண்டை அதிகம் உலுக்கியவர் யார் என்கிற கணக்கு. 1938க்கு ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தபோது போட்ட அட்டையைப் பாருங்கள்: சின்ன உருவமாக உட்கார்ந்து ஒரு ராட்சத ஆர்கன் வாசிக்கிறார், மேலே சக்கரத்தில் பிணங்கள் தொங்குகின்றன.

அடுத்தது, சர்வாதிகாரியின் கணக்கை அவரிடமே கேட்பது. இரும்பாலைகள் வந்தன, பொய்யில்லை. 1928இல் சுமார் 40 லட்சம் டன்னாக இருந்த எஃகு உற்பத்தி 1940இல் 1.8 கோடி டன்னைத் தொட்டது. செலவுப் பக்கம் எங்கே என்று தேடினால்தான் சிக்கல். நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று ஸ்டாலின் 1934இல் மேடையிலேயே அறிவித்துவிட்டார். 1937 ஜனவரியில் தலை எண்ணிப் பார்த்தால் 16.2 கோடிதான் தேறியது, ஏனென்றால் அந்த அறிவிப்புக்கு முன்பே, 1930களின் தொடக்கத்தில், உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வேறு இடங்களிலும் பஞ்சம் பல லட்சம் பேரை வாரிக்கொண்டு போயிருந்தது, அப்போதும் தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. கணக்கெடுப்பை அப்படியே அமுக்கினார்கள். எண்ணிய அதிகாரிகளைக் கைது செய்தார்கள், சிலரைச் சுட்டே கொன்றார்கள். 1939இல் மறுபடி எண்ணி, 17 கோடி என்று அறிவித்தார்கள். இதற்கு அப்புறமும் அந்த ஆட்சியின் சாதனைப் பட்டியலை அப்படியே எடுத்து நீட்டுகிறவர்களை என்ன சொல்ல!

"அவர் இல்லாவிட்டால் ஹிட்லரை யார் தோற்கடித்திருப்பார்கள்?" என்பதும் அடிக்கடி வரும். சோவியத் ராணுவமான செஞ்சேனையின் உச்சத் தளபதிகளான ஐந்து மார்ஷல்களில் மூன்று பேர் 1937க்கும் 1939க்கும் இடையில் அவருடைய ஆட்சியின் கையாலேயே செத்தார்கள், அதையும் சேர்த்துத்தான் ஹிட்லர் படையெடுத்த 1941இன் தோல்விகளை எண்ண வேண்டும்.

சரி, எதிர்ப்பக்கம் நிற்பவர்களும் சறுக்குவார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளின் வெறி என்று முடித்துவிடுவார்கள். 1937 ஜூலையில் மாகாணத்துக்கு இத்தனை பேரைச் சுட வேண்டும், இத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு ரகசிய ஆணை போனது. எங்களுக்கு ஒதுக்கீடு போதவில்லை, கூட்டித் தாருங்கள் என்று உள்ளூர் அதிகாரிகளே மாஸ்கோவுக்கு எழுதிக் கேட்டார்கள், மாஸ்கோவும் கூட்டித் தந்தது. 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள் 6.8 லட்சம் பேர், அதுவும் ரகசியப் போலீஸின் சொந்தக் கோப்புகளின்படி.

அந்தப் போலீஸுக்கு அப்போது தலைவர் யெஷோவ். மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு அவர் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1940இல் அவரையும் சுட்டார்கள். அதே படத்தின் திருத்திய பிரதியில் ஸ்டாலின் அப்படியே நிற்கிறார், யெஷோவ் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர்.