கால்முட்டு பேடு ரெண்டு மாசத்துல பிஞ்சு போச்சா, எனக்கும் அப்படித்தான்

மக்கா, கீரிப்பாறை பக்கம் விடியக்காலம் வண்டி ஓட்டம் இல்லாத எஸ்டேட் ரோட்டுலதான் லாங்போர்டு ஸ்லைடு பழகுறேன், அதாவது நீளமான ஸ்கேட்போர்டுல போகும்போ பலகைய குறுக்க திருப்பி சறுக்குறது, பேலன்ஸ் போனா முட்டுல விழுந்து சறுக்கித்தான் நிக்கணும். முதல்ல வாங்குன பேடு ரெண்டே மாசம். கழட்டிப் பாத்தா பிளாஸ்டிக் கப்பு நல்லாத்தான் இருக்கு, அத பிடிச்சிருந்த ரிவெட்டு தலை தேஞ்சு பளபளன்னு கிடக்கு, ஓரத்து நூல் பூரா அறுந்துட்டு.

வடசேரியில செருப்பு தைக்க அண்ணன்ட்ட குடுத்தேன், தடிச்ச நைலான் நூல் போட்டு தந்தாரு, ஆனா "தையல் வெளிய நிக்குது தம்பி, ரோட்டுல உரசுனா மறுபடி அறும்"னாரு. அது மாதிரியே மூணாவது வாரம் அறுந்துச்சு.

அடுத்தது வாங்கும்போ அதத்தான் பாத்தேன். கப்பு அகலமா இருந்து தையலயும் பட்டையயும் மூடணும், ரிவெட்டு குழிக்குள்ள இருக்கணும், கப்பு மட்டும் தனியா மாத்த முடியணும். துணி மட்டும் உள்ள பேடு வேண்டாம், அது சறுக்காது, தார்ல பிடிச்சு நம்மள தூக்கி எறியும். கடையில நின்னுட்டு போட்டுப் பாக்காதீங்க, குத்த வச்சு உக்காந்து பாருங்க, கீழ இறங்குனா சைஸ் பெருசு.

இப்போ ஏழு மாசமாச்சு, கப்பு ஒருதடவதான் மாத்திருக்கேன். மழ நேரம் நனைஞ்சா நிழல்ல உணத்துறேன்.