டிராக்டர் லோடர் பக்கெட்டில் தூக்குக் கொக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக்டரின் முன்னால் இரண்டு கைகளில் ஏந்தி மண் அள்ளும் லோடர் பக்கெட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று கொக்கி இருந்தால், மரத்துண்டு, மோட்டார், கலப்பை என்று எதையும் சங்கிலி போட்டுத் தூக்கி நகர்த்திவிடலாம். செலவும் குறைவு, அரை நாள் வேலைதான். அதனாலேயே பலர் கையில் கிடைத்த கொக்கியை, கையில் கிடைத்த வெல்டிங் ராடால், கண்ணில் பட்ட இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். கொக்கி தடிமனாக இருப்பதைப் பார்த்து நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் சுமை ஏறும்போது முதலில் விட்டுக்கொடுப்பது கொக்கி அல்ல. அதன் அடியில் இருக்கும் தகடு, அல்லது வெல்டிங், அல்லது டிராக்டரின் நிலைத்தன்மை. தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

கொக்கி வாங்கும்போது

சங்கிலியின் முனையில் மாட்டும் கொக்கியை வாங்கி, அதன் கண்ணைப் பக்கெட்டோடு வைத்து வெல்டு செய்வது மிகப் பரவலான தவறு. கிரேடு 80, கிரேடு 100 (வலிமையைக் குறிக்கும் தர எண்கள்) கொக்கிகள் அலாய் இரும்பில் செய்து சூடேற்றிப் பதப்படுத்தியவை. வெல்டிங் சூடு பட்டதும் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடத்தை அடுத்து ஒரு பகுதி இளகும், இன்னொரு பகுதி கண்ணாடி போல் விறைக்கும். விறைத்த இடம் எச்சரிக்கை எதுவும் தராமல் பட்டென்று விடும். வார்ப்புக் கொக்கி இன்னும் மோசம். வெல்டு செய்வதற்கென்றே தட்டையான அடிப்பாகத்தோடு அடித்துச் செய்த கொக்கிகள் தனியாக விற்கின்றன. அவற்றில் எத்தனை டன் தாங்கும் என்பது உடம்பிலேயே பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாத கொக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தூக்கும் வேலைக்கு வேண்டாம்.

சங்கிலியிலும் இதே கவனம் வேண்டும். கிரேடு 80 சங்கிலி 8 மி.மீ. என்றால் 2 டன், 10 மி.மீ. என்றால் 3.15 டன் வேலைச்சுமை. சாதாரண பண்ணை டிராக்டர் லோடருக்கு இது தாராளம். மஞ்சள் நிறப் பூச்சோடு வரும் கிரேடு 70 சங்கிலி லாரியில் சரக்கைக் கட்டுவதற்கானது. அந்தரத்தில் தூக்குவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

கிராப் கொக்கியின் வாய் குறுகலாக இருக்கும். சங்கிலியின் ஒரு கண்ணியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேண்டிய நீளத்தில் சங்கிலியைச் சுருக்கிக்கொள்ள இது மிக வசதி. ஆனால் கொக்கியும் சங்கிலியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 10 மி.மீ. கிராப் கொக்கியில் 8 மி.மீ. சங்கிலியைப் போட்டால் கவ்வாமல் வழுக்கும். நைலான் பட்டையை அதில் மாட்டினால் குறுகிய வாயில் நசுங்கிக் கிழியும். பட்டைக்கு அகன்ற வாயும், ஸ்பிரிங் வைத்த பூட்டு நாக்கும் உள்ள கொக்கிதான் சரி.

எங்கே பொருத்துவது

பக்கெட்டின் பக்கவாட்டில் நின்று மேல்விளிம்பைப் பாருங்கள். சில பக்கெட்டுகளில் அங்கே தகடு பெட்டி போல் மடிந்திருக்கும், சிலவற்றில் குழாய் வைத்திருப்பார்கள். சிறிய டிராக்டர்களின் பக்கெட்டில் பெரும்பாலும் ஒற்றைத் தகடு ஒரு மடிப்போடு முடிந்துவிடும். நாலைந்து மி.மீ. தகட்டில் நேரடியாகக் கொக்கியை ஒட்டினால், வெல்டிங் எவ்வளவு அருமையாக இருந்தாலும் தகடு அதைச் சுற்றிக் கிழிந்து வரும்.

அதற்கு மாற்று கடினமல்ல. 10 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 100 × 150 மி.மீ. தகட்டை வெட்டி, மூலைகளை உருட்டி, முதலில் அதைப் பக்கெட்டில் சுற்றிலும் வெல்டு செய்து, அதன்மேல் கொக்கியை வையுங்கள். விளிம்பே மெலிதாக இருந்தால் 75 × 75 × 8 மி.மீ. ஆங்கிளை (L வடிவ இரும்புப் பட்டை) விளிம்பின்மேல் கவிழ்த்து முழு அகலத்துக்கும் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. சுமை ஓரிடத்தில் குத்தாமல் முழு விளிம்பிலும் பரவும்.

கொக்கிகள் லோடர் கைகளுக்கு நேராக, பக்கெட்டின் பின்புறம் விறைப்புப் பட்டை இருக்கும் இடத்தில் அமைய வேண்டும். இரண்டு மூலைகளில் வைத்துவிட்டு, பிறகு அவசரத்துக்கு ஒரு மூலையில் மட்டும் கனமான பொருளைத் தூக்குவது லோடர் சட்டத்தையே முறுக்கிவிடும். ஒற்றைச் சுமை எப்போதும் நடுக்கொக்கியில்தான் தொங்க வேண்டும். ஆனால் நடுப்பகுதிதான் விளிம்பில் பலவீனமான இடமும் கூட. ஆகவே நடுக்கொக்கிக்கு அடித்தகடு இன்னும் பெரிதாக இருக்கட்டும்.

பக்கெட்டின் வெட்டும் விளிம்பில், அதாவது கீழ் உதட்டில், கொக்கி வைப்பவர்களும் உண்டு. அங்கே சுமை, பக்கெட்டை லோடர் கையோடு கோக்கும் பின்னிலிருந்து (pin) அரை மீட்டருக்கும் மேல் முன்னால் தள்ளிப் போகிறது. லோடர் தூக்கும் திறன் அந்த அளவுக்குக் குறைகிறது, முன் ஆக்சிலில் பாரம் ஏறுகிறது, உதடும் வளைகிறது. மேல்விளிம்பில் வைப்பதன் பெரிய லாபமே சுமை அந்தப் பின்னுக்கு அருகில் இருப்பதுதான்.

ஒட்டுவதற்கு முன் கொக்கியை ஒரு கிளாம்பில் பிடித்து நிறுத்திவிட்டு, பக்கெட்டை முழுவதும் பின்னால் மடக்கிப் பாருங்கள், முழுவதும் கவிழ்த்துப் பாருங்கள். லோடர் கை, குறுக்குக் குழாய், ஹைட்ராலிக் ஹோஸ், பக்கெட்டைக் கழற்றும் லிவர் எதிலும் இடிக்கக் கூடாது. இரண்டு நிலையிலும் சங்கிலி வாயிலிருந்து நழுவுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் ஒட்டிய கொக்கியைத் திரும்ப அறுத்தெடுக்கும் நிலை வருகிறது.

வெல்டிங்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பைப் பக்கெட்டிலேயே, வெல்டு செய்யும் இடத்துக்கு ஒரு சாண் தொலைவில் போடுங்கள். டிராக்டரின் சேசிஸில் போட்டால் மின்சாரம் லோடர் பின்கள், புஷ்கள், சிலிண்டர் ராடு வழியாகப் போகும். அங்கெல்லாம் பொறி அடித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழும். பிறகு சில வாரத்தில் சிலிண்டர் சீலில் எண்ணெய் கசியும்போது அதற்கும் வெல்டிங்குக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் புரியாது.

பெயிண்டையும் துருவையும் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும், ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு. துத்தநாகப் பூச்சு உள்ள கொக்கியை அப்படியே வெல்டு செய்தால் எழும் வெள்ளைப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். இரவில் குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங்கிலும் துளைகள் விழும். பூச்சை முழுக்க உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கிரில் வேலைக்குப் போடும் சாதாரண 6013 ராடு இதற்கு வேண்டாம். ஹைட்ரஜன் குறைவாக விடும் 7018 ராடு வேண்டும், அதுவும் ஈரமில்லாமல். திறந்து பல நாள் கிடந்த பாக்கெட்டில் ராடின் பூச்சு காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்து, மறுநாள்கூட விரிசல் விடவைக்கும். பழைய ராடை பாக்கெட்டில் சொன்ன சூட்டில் (பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரி செல்சியஸ்) காயவைக்க வசதி இல்லையென்றால் புதுப் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

கைதேர்ந்தவர்களுக்கும் சிக்கல் தரும் இடம் தடிமன் வித்தியாசம். கொக்கியின் அடி 20, 25 மி.மீ. இருக்கும், பக்கெட் தகடு 5 மி.மீ. தகட்டுக்கு ஏற்ற ஆம்பியர் வைத்தால், உருகிய உலோகம் கொக்கியின்மேல் ஒட்டாமல் மெழுகு வழிந்தது போல் உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு முழு வெல்டிங்; உள்ளே பிடிப்பே இருக்காது. கொக்கிக்கு ஏற்ற ஆம்பியர் வைத்தால் தகடு ஓட்டையாகிறது. இடையில் 10 மி.மீ. அடித்தகடு வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். கொக்கியின் அடியை கேஸ் டார்ச்சால் 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கிக்கொண்டு, ஆர்க்கைத் தடிமனான பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 100 முதல் 140 ஆம்பியருக்குள் அமையும். சுற்றிலும் வெல்டு செய்யுங்கள்; மூலையில் தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த சுற்றுக்குப் போங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது செய்த வேலை அத்தனையையும் கெடுத்துவிடும். தானாக ஆறட்டும்.

வெல்டிங் கைவராதவர்கள் போல்ட் முறைக்குப் போவதில் குறைச்சல் ஒன்றுமில்லை. 8.8 கிரேடு போல்ட், பக்கெட்டின் உட்புறம் 10 மி.மீ. தகடு, தானாகக் கழலாதபடி நைலான் வளையம் வைத்த நைலாக் நட். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து போல்ட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே இருக்க வேண்டும். துளையை கேஸ் கட்டரால் போடாமல் டிரில்லால் போடுங்கள். வாஷரை மட்டும் நம்பி உள்தகட்டை விட்டுவிட்டால் போல்ட் தலை மெல்லிய தகட்டை உருவிக்கொண்டு வந்துவிடும்.

தூக்கும்போது

கொக்கியில் 2 டன் என்று பொறித்திருப்பதால் 2 டன் தூக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லோடரின் திறன்தான் எல்லை. கையேட்டில் சொல்லும் திறன் பல நேரம் பக்கெட்டைக் கோக்கும் பின்னில் அளந்தது. பக்கெட்டின் எடையும் அதற்குள் அடக்கம். லோடர் 700 கிலோ, பக்கெட் 150 கிலோ என்றால் மிஞ்சுவது 550 கிலோ. சுமை பின்னைத் தாண்டி முன்னால் தொங்குவதால் அதிலும் குறையும்.

இரண்டு கொக்கியிலிருந்து ஒரே புள்ளிக்குச் சங்கிலி போடும்போது கோணத்தைப் பாருங்கள். 600 கிலோ சுமைக்கு, சங்கிலி கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இருந்தால் சங்கிலியின் ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 346 கிலோ இழுவிசை. 45 டிகிரியில் 424. 30 டிகிரியில் ஒவ்வொரு காலிலும் முழு 600 கிலோ. அதோடு கொக்கிகளை ஒன்றை நோக்கி ஒன்றாகப் பக்கவாட்டில் 520 கிலோ இழுக்கிறது. அந்தத் திசையில்தான் வெல்டிங் பலவீனம். சங்கிலியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் கோணம் சரியாகும்.

பின்னால் எடை இல்லாமல் தூக்குவதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்; பக்கவாட்டில் டிராக்டரை நிறுத்திப் பிடிப்பது பின்சக்கரங்கள். முன்னால் சுமை ஏறிப் பின்சக்கரத்தின் பாரம் குறைந்தால், சிறு பள்ளமே டிராக்டரைச் சாய்த்துவிடும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான். டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயிண்டில் கனமான கருவியோ எடைப்பெட்டியோ மாட்டிவிட்டுத் தூக்குங்கள். சுமையைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்தாமல், நடை வேகத்தில் நகர்த்துங்கள். தொங்கும் சுமை ஊஞ்சல் போல ஆடும் என்பதால் கயிறு கட்டி ஒருவர் தள்ளி நின்று பிடிக்கட்டும், டிராக்டருக்கும் சுமைக்கும் இடையில் நிற்காமல்.

இறக்கும்போது லிவரை முழுவதும் முன்னால் தள்ளினால் பல லோடர்கள் ஃப்ளோட் நிலைக்கு, அதாவது எண்ணெய் தடையின்றி ஓடிக் கைகள் தாமாக இறங்கும் நிலைக்குப் போய்விடும். சுமை அப்படியே விழும். ஹோஸ் வெடித்தாலும் அதே கதிதான், பல பண்ணை லோடர்களில் அதைத் தடுக்கும் வால்வு கிடையாது. தூக்கிய சுமைக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. அந்தக் கொக்கியில் ஆளைத் தூக்குவதும் கூடாது.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை வேரோடு பிடுங்க இந்தக் கொக்கியைப் பயன்படுத்தாதீர்கள். பக்கெட்டை மடக்கும் சிலிண்டரின் விசை லோடர் தூக்கும் திறனைவிட அதிகம்; வேர் அசையாதபோது விளிம்பும் லோடர் கையும் வளைகின்றன. வெடுக்கென்று இழுத்தால் விசை சுமையைப் போல் பல மடங்காகும். இழுக்கும் வேலைக்குப் பின்னால் டிராபார் இருக்கிறது.

முதல் தூக்குக்கு முன் விளிம்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் பிடித்து, நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். சிறிய சுமையை ஒரு சாண் உயர்த்தி, இறக்கி, மறுபடி அளந்து பாருங்கள். வளைவு கூடியிருந்தால் அடித்தகடு போதவில்லை. வெல்டிங்கைச் சுற்றி அடித்த பெயிண்டில் மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். பெயிண்டை உரசிவிட்டு, விரிசல் காட்டும் சிவப்பு ஸ்பிரே அடித்துப் பாருங்கள். பத்து மணி நேர வேலைக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். கொக்கி புதிதாக இருக்கும்போதே அதன் வாய் அகலத்தை அளந்து வையுங்கள். அது 5 சதவீதம் விரிந்தால் அந்தக் கொக்கியைச் சூடேற்றி நிமிர்த்தாமல், அறுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.