நண்பர்களோடு காரைக்குடியில் இரண்டு நாள்

சென்னையிலிருந்து வருபவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் எழும்பூரில் பல்லவன் விரைவு வண்டியைப் பிடித்தால் இரவே காரைக்குடியில் இறங்கிவிடலாம். ஆறேழு பேர் என்றால் ஒரே வேனாக அமர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு கார்களில் கிளம்பினால் ஒன்று எப்போதும் டீக்கடையில் நின்றுவிடும்.

சனிக்கிழமை காலையைக் கானாடுகாத்தானுக்கு ஒதுக்கலாம். அங்குள்ள பெரிய வீடுகள் பெரும்பாலும் குடும்பங்களின் பொது உடைமை என்பதால், எந்த வீட்டினுள் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள் என்பதை முன்பே விசாரித்துச் செல்ல வேண்டும். அடுத்து ஆத்தங்குடி. தரைக்கல் செய்யும் கூடத்தில் ஒரு மணி நேரமாவது நின்று பாருங்கள்: கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையால் மூடி அழுத்துகிறார்கள், தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லிலேயே தங்கியிருக்கிறது. வாங்குவதானால் ஒன்றிரண்டு போதும், கனம் அதிகம்.

மதிய விருந்துக்கு முந்தைய நாளே சொல்லிவைப்பது நல்லது. மாலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் தவறவிடக் கூடாதவை.

ஞாயிறு அதிகாலை பிள்ளையார்பட்டிக் குடைவரைக்குச் செல்லுங்கள். திருமயம் கோட்டையை வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், பாறை நன்றாகச் சுடும்.