பெரியவர்களோடு சீட்டாடும் வீடுகளில் செய்யக்கூடாத தவறுகள்

பொங்கல் விடுமுறையில் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ரம்மி ஜமா. ஆறு பேர், இரண்டு கட்டு, நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அவனுடைய மாமனாருக்கு எழுபத்தைந்து வயது. கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கையில் சேர்த்தவர், பதிலுக்கு ஒன்றைக் கழிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பையன் சத்தமில்லாமல் அவர் கையிலிருந்து ஒரு சீட்டை உருவி நடுவில் போட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டில் இதையே நாங்கள் இரண்டு வருஷம் செய்தோம்.

பெரியவர்களை அவசரப்படுத்தக்கூடாது, கேலி செய்யக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்லது என்று நினைத்துச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஜமாவே சேர்ந்து மறைப்பது

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பெரியப்பாதான் தலைவர். 101 ஆட்டம், அதாவது பாயிண்ட் 101-ஐ எட்டியவர் வெளியே. எடுக்காமலே விட்டால் 20, நடுவில் விட்டால் 40, ஃபுல் அடித்தால் 80. பாயிண்ட் நோட்டு முப்பது வருஷமாக அவரிடம்தான். நாங்கள் சீட்டை அடுக்கி முடிப்பதற்குள் ஆறு பேர் கணக்கையும் மனதிலேயே கூட்டி எழுதிவிடுவார்.

முதலில் தடுமாறியது அந்த நோட்டுதான். 62-ஓடு 20 சேர்த்து 72 என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் ஒருவர் கணக்கை இன்னொருவர் பத்தியில் ஏற்றினார். "நீங்க ஆடுங்க பெரியப்பா, நான் எழுதறேன்" என்று தம்பி நோட்டை வாங்கிக்கொண்டான். அதை அன்பு என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எந்தச் சீட்டுக்கும் பதிலாக வைக்கக்கூடிய ஜோக்கர் எது என்று ஒரே ஆட்டத்தில் நாலு முறை கேட்பார். ஜோக்கர் சீட்டை அவர் முழங்கால் பக்கம் நகர்த்தி வைத்தோம். அவரே கழித்த ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணிக்காக அடுத்த சுற்றிலும் காத்திருப்பார். ஒரிஜினல் சீக்வன்ஸ், அதாவது ஜோக்கர் சேராமல் ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள், இல்லாமலே ஆட்டம் முடிந்தது என்று ஷோ காட்டுவார். முறைப்படி 80 ஏற்ற வேண்டும். "பரவாயில்லை, எடுத்துக்குங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் தவறுவதே யார் கண்ணுக்கும் படாதபடி அவரைச் சுற்றி ஒரு வேலி கட்டிவிட்டோம்.

பெங்களூரிலிருந்து அக்கா வாராவாரம் போன் செய்வாள். "அப்பா எப்படிடா இருக்கார்?" என்று கேட்டால், "சீட்டுல இன்னமும் எங்களை ஓட ஓட விரட்டறார்" என்பேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒரு காலையில் பால் வாங்கப் போனவர், பிறந்து வளர்ந்த சித்திரை வீதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருந்தார். மருத்துவர் முதலில் கேட்டது, "இது எப்போதிலிருந்து?" அக்கா ஒரு மாதமாக என்றாள். நான் பாயிண்ட் நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். தேதி போட்டு, பெரியப்பாவின் கையெழுத்திலேயே, கூட்டல் பிசகத் தொடங்கிய வாரம் அதில் இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரத்தத்தில் வைட்டமின் பி12 மிகக் குறைவு. பெரியப்பா சுத்த சைவம். சர்க்கரைக்குப் பதினைந்து வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டால் உடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். ஊசி போட ஆரம்பித்த பிறகு நடை தேறியது, பேச்சு தெளிந்தது. கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை. பி12 இல்லாமல் நரம்பு நீண்ட நாள் கிடந்துவிட்டால் சேதம் முழுக்கச் சரியாகாது என்றார் மருத்துவர். அந்த நீண்ட நாள் நாங்கள் மறைத்த இரண்டு வருஷம்.

தைராய்டு குறைவு, சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, தூக்க மாத்திரை, மனச்சோர்வு எல்லாமே வயதானவர்களிடம் மறதி போலத் தெரியும். லேசாகத் தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்து மூளையைச் சுற்றித் தேங்கும் ரத்தமும் அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. அல்சைமராகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் வங்கிக் கணக்கு, உயில், யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டு ஏற்பாடு செய்யலாம்.

வீட்டாரிடம் சொல்லும் விதமும் முக்கியம். "அப்பாவுக்கு மறதி ஜாஸ்தி" என்றால் "வயசாச்சு" என்று பேச்சு முடிந்துவிடும். நடந்ததைச் சொல்லுங்கள்: இந்தத் தேதியில் 13 இருக்க வேண்டிய கையில் 14 சீட்டோடு உட்கார்ந்திருந்தார், போன மாதம் இது நடக்கவில்லை. மெதுவாக ஆடுவதும், யார் எதைக் கழித்தார்கள் என்பதை விட்டுவிடுவதும் வயதோடு வருவது. முப்பது வருஷம் போட்ட கூட்டல் போடத் தெரியாமல் போவது வேறு.

கண்ணையும் காதையும் பார்க்காமல் மூளையைச் சந்தேகிப்பது

மங்கலான பல்பு வெளிச்சத்தில், கண்புரை உள்ளவருக்கு ஆட்டினும் டைமனும் ஒன்றுதான். "ஷோ" என்றது காதில் விழவில்லை என்றால் அவர் பாட்டுக்கு அடுத்த சீட்டை எடுப்பார். பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு கடையில் கிடைக்கிறது. வாங்குங்கள், விளக்கை மாற்றுங்கள், அப்புறம் பாருங்கள். இன்னொன்று: லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, கேட்புக் குறைவையும் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் டிமென்ஷியாவுக்கான (மூளைத்திறன் குறைந்து மறதி கூடும் நோய்) ஆபத்துக் காரணங்களிலேயே சேர்த்திருக்கிறது. ஆகவே காது மெஷினைத் தள்ளிப்போட வேண்டாம்.

வேண்டுமென்றே தோற்பது

அவருக்குத் தெரிந்துவிடும்.

திடீர்ப் பண வெறியைக் குணக்கேடு என்று திட்டுவது

காலமெல்லாம் பத்து பைசா பாயிண்டுக்கு ஆடியவர் திடீரென்று பத்து ரூபாய் வைக்கலாம் என்கிறாரா? அவருக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) இருந்தால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும். நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியாவிலும் இப்படி நடக்கும்.

பணம் வைத்து ஆடுவது

மறதி தெரிந்த நாளோடு நிறுத்துங்கள். புளியங்கொட்டை போதும்.

ஆட்டத்தையே நிறுத்திவிடுவது

நோய் தெரிந்த பிறகு, பயத்தில் மூன்று மாதம் நாங்கள் ஜமா கூட்டவில்லை. அவரைச் சிரமப்படுத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டோம். ஞாயிறு மூன்று மணிக்கு அவரே பாயை விரித்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று பெரியம்மா சொன்னபோதுதான் உறைத்தது.

இப்போது ஒரே கட்டு, ஏழு சீட்டு ரம்மி, மூன்றே பேர். பொழுது சாய்ந்தால் அவருக்குக் குழப்பம் கூடும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே முடித்துவிடுகிறோம். புது விதி எதையும் நுழைப்பதில்லை. ஜோக்கர் எது என்று கேட்டால், கேட்ட ஒவ்வொரு முறையும் முதல் தடவை போலப் பதில் சொல்கிறோம். சீட்டைக் கலைப்பது மட்டும் முழுக்க அவர் பொறுப்பு. கை பழகிய வேலைக்கான நினைவு மூளையில் வேறு இடத்தில் இருப்பதால், அது கடைசியில்தான் போகுமாம். கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்தைச் சரசரவென்று விட்டு, ஒரு சீட்டுகூடப் பிசகாமல் தட்டி ஒன்றாக்குவார். போன ஞாயிறு என் பெயர் அவருக்கு வரவில்லை. கலைத்து முடித்ததும் கட்டை என் பக்கம் நீட்டி, "வெட்டு" என்றார்.