லாகோஸ் டிஸ்கோவைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஸ்ட்ரீமிங் செயலியில் ‘ஆப்பிரிக்க டிஸ்கோ’ என்று தேடினால் அதே பத்துப் பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். பாடகரை விடுங்கள். இசைத்தட்டு உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர், கீபோர்டு வாசித்தவர், லேபிள் (தட்டை வெளியிட்ட நிறுவனம்) பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1980-களில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் சிலரே மாறி மாறிப் பலரின் தட்டுகளில் வேலை பார்த்தார்கள். ஒருவரைப் பிடித்தால் கொத்தாக வரும்.

தொடங்க ஒரு தொகுப்பு போதும்: சவுண்ட்வே லேபிள் 2016-இல் வெளியிட்ட ‘டூயிங் இட் இன் லாகோஸ்’. அதில் ஸ்டீவ் மோனைட்டின் ‘ஒன்லி யூ’வை (1984) கேளுங்கள். பிறகு கேமரூனில் பிறந்து லாகோஸில் வாசித்த ங்கோனோ டெலெஸின் பெயரை, இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் போட்டு, அவர் பங்களித்த தட்டுகளின் பட்டியலைத் திறந்தால் ஒரு மாதத்துக்குக் கேட்கப் பாட்டு கிடைக்கும்.

அதே தளத்தில் நாடு நைஜீரியா, ஆண்டு 1979 முதல் 1985 வரை என்று வடிகட்டுங்கள். பாணியில் ‘டிஸ்கோ’, ‘பூகி’ (டிஸ்கோவுக்கு அடுத்து வந்த, சின்தசைசர் ஒலி மிகுந்த நடன இசை) இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். பதிவேற்றியவர் பல நேரம் ஒன்றை மட்டுமே குறித்திருப்பார். நைஜீரியாவின் எனுகு நகரைச் சேர்ந்த வில்லியம் ஒன்யாபோர் 1977–85-க்குள் எட்டு ஆல்பங்களைத் தானே வெளியிட்டவர். அவருக்கு ‘வில்ஃபில்ம்ஸ்’ லேபிளின் பெயரில் தேடுவது எளிது.

கானாவுக்கு இந்த வழி பாதிதான் உதவும். புலம்பெயர்ந்த கானாக்காரர்கள் ஜெர்மனியில் பதிவுசெய்த ‘பர்கர் ஹைலைஃப்’ (ஹைலைஃப் என்பது கானாவில் பிறந்த நடன இசை), நாடு கானா என்று வடிகட்டினால் நழுவிவிடும். ஜார்ஜ் டார்கோவின் 1983 பாட்டு ‘அக்கூ தே ப்ரோஃபோ’விலிருந்து தொடங்கி, நாட்டை ஜெர்மனி என்று மாற்றித் தேடுங்கள்.

ஓர் எழுத்து ஆளைக் கவிழ்க்கும். ‘ஆஃப்ரோபீட்’ என்றால் நைஜீரியாவின் ஃபெலா குட்டியும் டோனி ஆலனும் வளர்த்த, பித்தளைக் குழல்கள் முழங்கும் நீண்ட பாட்டுகள். ‘ஆஃப்ரோபீட்ஸ்’ என்றால் இன்றைய லாகோஸ் பாப், கானாவின் அக்ரா நகரப் பாப்.

தட்டு வாங்கும்போது உறைக்கும் தட்டுக்கும் தரம் தனித்தனியாகக் கேளுங்கள். சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். 33⅓ வேகத் தட்டில் 1.8 வினாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்றால் அது குறுக்குக் கீறல், கழுவினாலும் போகாது. மறுவெளியீட்டில் மெல்லிய தொடக்கத்தில் பொரியும் சத்தம் வந்தால், அதே இடத்தை டிஜிட்டல் பிரதியில் கேட்டுப் பாருங்கள். அங்கும் பொரிந்தால் பழியை ஊசிமேல் போடாதீர்கள்: மூல நாடா கிடைக்காமல் பழைய தட்டிலிருந்தே பிரதி எடுத்திருப்பார்கள். உங்கள் தட்டில் மட்டும் என்றால் அழுக்கு, கழுவுங்கள்.

இன்றைய இசைக்கு லாகோஸின் ‘ஆல்டே’ (‘ஆல்டர்நேட்டிவ்’ என்பதன் சுருக்கம், வழக்கமான பாப்பிலிருந்து விலகிய இசைக்காரர்கள்) வட்டம் நல்ல வாசல். ஒடுன்சியின் ‘ரேர்’ (2018) ஆல்பத்தில் பழைய பூகியின் சாயல் தெரியும். லேடி டான்லியின் ‘என்ஜாய் யுவர் லைஃப்’ (2019), ஹைலைஃப் வாசிக்கும் அண்ணன் தம்பி இசைக்குழு கேவ்மென்னின் ‘ரூட்ஸ்’ (2020) அடுத்து. கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ‘வேர்ல்டு’ என்ற குறிச்சொல் பயனற்ற குப்பைக்கூடை. லாகோஸ், அக்ரா, பெனின் நாட்டின் கொட்டோனு என்று ஊர்ப்பெயரில் தேடுங்கள். அக்ராவின் ஒரோகோ இணைய வானொலியையும் ஓடவிட்டு, காதில் பட்ட பெயரை உடனே எழுதி வையுங்கள். ஒலிப்படி எழுதினால் தேடலில் அகப்படாது, எழுத்துக்கூட்டலை நிகழ்ச்சிப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.