ரேம் நிரம்பிவிட்டதா? முதலில் கேஷைப் பாருங்கள்

பெரிதாக எதையும் திறக்கவில்லை, ஆனாலும் காலி ரேம் சில நூறு எம்பிதான் என்று கணினி காட்டுகிறதா? உடனே ரேம் கிளீனர் தேடிப் போகாதீர்கள். வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடி தேவைப்படலாம் என்று இயங்குதளம் காலி ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. இதுதான் கேஷ். சுழலும் வன்தட்டில் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லிநொடி ஆகும். ரேமில் 100 நானோநொடி போதும்.

படி 1: விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. 'இன் யூஸ்' (பயன்பாட்டில் இருப்பது), 'அவைலபிள்' (கேட்டால் கொடுக்கக்கூடியது), 'கேஷ்டு' (கேஷில் இருப்பது) ஆகிய எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கனமான மென்பொருள் ஒன்றைத் திறந்து மூடுங்கள். மீண்டும் திறந்தால், கோப்புகள் கேஷில் இருப்பதால், பெரும்பாலும் சட்டென்று வரும். அடிக்கடி பயன்படுத்தாத மென்பொருளாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. வழக்கமானவற்றை விண்டோஸ் முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைத்திருக்கலாம். 2007இல் விஸ்டாவோடு வந்த சூப்பர்ஃபெட்ச் செய்யும் வேலை அது. இன்று அதன் பெயர் சிஸ்மெயின்.

படி 3: அதே பக்கத்தில் உள்ள 'மெமரி காம்போசிஷன்' பட்டையின் மேல் மவுஸை நகர்த்துங்கள். 'ஸ்டான்ட்பை' என்பது கேஷில் இருப்பது. அதன் நகல் வட்டில் இருப்பதால், வேறு மென்பொருள் இடம் கேட்டால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். 'மாடிஃபைடு' அப்படியல்ல. முதலில் வட்டில் எழுதவேண்டும்.

படி 4: லினக்ஸ் என்றால் டெர்மினலில் 'ஃப்ரீ' (free) கட்டளை. 'ஃப்ரீ' என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பயப்படுவதுதான் எல்லோரும் செய்வது. பார்க்கவேண்டியது 'அவைலபிள்'. கேஷில் எவ்வளவை விட்டுக்கொடுக்க முடியும் என்பதையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு அது. 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) கெர்னலே இதைக் கணக்கிட்டுத் தருகிறது.

எழுதும்போதும் கேஷ் உண்டு. லினக்ஸில் பென்டிரைவுக்கு நகலெடுத்தல் முடிந்ததாகத் தெரிந்தாலும், தகவல் இன்னும் ரேமிலேயே இருக்கக்கூடும். 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு பாழாகலாம்.

சரி, எப்போதுதான் கவலைப்படுவது? 'அவைலபிள்' மிகக் குறைந்து, வட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால். லினக்ஸில் 'விஎம்ஸ்டாட் 1' (vmstat 1) கொடுத்து, 'எஸ்ஐ' (si, வட்டிலிருந்து ரேமுக்குத் திரும்புவது), 'எஸ்ஓ' (so, ரேமில் இடமில்லாமல் வட்டுக்குப் போவது) நெடுவரிசைகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்தான சராசரி. அடுத்த வரிகளில் பூஜ்யமே வந்தால் ரேம் போதுமானதாக இருக்கிறது. விடாமல் பெரிய எண்கள் வந்தால், ஒன்று சில மென்பொருள்களை மூடுங்கள், இல்லையென்றால் ரேமைக் கூட்டுங்கள்.