மால்ட்டிலிருந்து பீர் காய்ச்சும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் துணிப்பையில் நான்கு பாட்டில்களோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடமாக டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்து பீர் செய்துகொண்டிருந்தவர். இந்த முறைதான் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை வாங்கி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, முழுக்கத் தன் கையாலேயே காய்ச்சியிருந்தார். நிறம் அருமை. நுரையும் நன்றாக நின்றது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு மனசு கனத்துவிட்டது. காயத்தில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அந்த வாசம்.

"எல்லாத்தையும் சுத்தமாத்தான் கழுவினேன் அண்ணே" என்றார். கழுவியிருப்பார், சந்தேகமே இல்லை. நானும் அப்படிக் கழுவியவன்தான். இதே வாசத்தோடு நான்கு ஈடு பீரைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பாத்திரத்தைக் கிருமி நீக்குவது, ஈஸ்ட்டின் தேதி பார்ப்பது, பானை பொங்கும்போது பக்கத்திலேயே நிற்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், விட்டுவிடுகிறேன். நான் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

டப்பா பாகு காலத்தில் தம்பி கடையில் கேன் தண்ணீர் வாங்கித்தான் கரைத்தார். மால்ட்டுக்கு மாறியதும் 20 லிட்டர் பீருக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டியிருந்தது. ஊறவைக்க ஒரு பங்கு, அலசி வடிக்க ஒரு பங்கு. அவ்வளவு கேனை யார் தூக்குவது? சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். நான் செய்ததும் இதேதான்.

இங்கே குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணீர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குளோரின் போட்டுச் சுத்திகரித்த பிறகு, வழியில் கிருமி சேராமல் இருக்க அம்மோனியாவும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குளோரமைன் ஆகிறது. மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இயல்பாகவே ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. குளோரினோ குளோரமைனோ அவற்றோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும். பிளாஸ்திரி வாசம் அதனுடையது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். நாள்பட வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பச்சை ஆப்பிள் வாசமோ முரட்டுக் கசப்போ நாளாக ஆகத் தணியும், இது தணியாது. ஒரு பாட்டிலை ஆறு மாதம் வைத்திருந்து திறந்தேன். அப்படியே இருந்தது.

எனக்கு இது அப்போது தெரியாது. முதல் ஈடு கெட்டதும் சாமான் வாங்கிய கடையில் கேட்டேன். "கிருமிதான், நல்லாக் கழுவுங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து வாளி, குழாய், கரண்டி எல்லாவற்றையும் துணி வெளுக்கும் பிளீச்சில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். பிளீச்சும் குளோரின்தான். இரண்டாவது ஈடு முதலாவதைவிட மோசம். பிளாஸ்டிக் வாளியில் கீறல் இருக்கும், அதில் கிருமி ஒளிந்திருக்கும் என்று சொன்னதால் புது வாளியும் புது டியூபும் வாங்கினேன். மூன்றாவதும் போயிற்று. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீல் பாத்திரமே வாங்கினேன். நான்காவதிலும் அதே வாசம். கிட்டத்தட்ட 80 லிட்டர் பீர், நான்கு மூட்டை மால்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த முறை பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். "மருந்து போடலையா?" என்று கேட்டார். என்ன மருந்து என்றேன். "இந்தத் தண்ணிய அப்படியே ஊத்துனா மீனெல்லாம் செத்துடும்ப்பா, குளோரமைன் இருக்கே" என்றார். குழாயை மூடிவிட்டு, அன்று காய்ச்சாமல் உட்கார்ந்து படித்தேன்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒரு யோசனை: "தண்ணியை ராத்திரியே பிடிச்சுத் திறந்து வைங்க, குளோரின் பறந்துடும்." தனிக் குளோரின் பறந்துவிடும்தான். குளோரமைன் பறக்காது, அதற்காகத்தானே அதைச் சேர்க்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. மேஜையில் வைக்கும் வடிகட்டி ஜாடியில் வேகமாக ஊற்றி எடுத்தால் நிறையத் தண்ணீரிலேயே தங்கிவிடும். தம்பியும் ராத்திரி பிடித்து வைத்த தண்ணீரில்தான் காய்ச்சினாராம். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. ஒயின் சாமான் விற்கும் கடைகளில் கேம்ப்டன் மாத்திரை கிடைக்கும். பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். சில டாலருக்கு ஒரு புட்டி வாங்கினால் வருடக்கணக்கில் வரும். ஒரு மாத்திரை ஏறக்குறைய 75 லிட்டருக்குப் போதும், ஆகவே 30-35 லிட்டருக்கு அரை மாத்திரை. இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கித் தூளாக்கி, தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஊறவைக்கும் தண்ணீர், அலசும் தண்ணீர் இரண்டுக்கும் போட வேண்டும். கொதித்து முடிந்ததும் அளவு குறைகிறதே என்று குழாயிலிருந்து இரண்டு லிட்டர் பிடித்து ஊற்றினால் அத்தனையும் வீண். பிளீச்சைக் காய்ச்சும் இடத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். அலசத் தேவையில்லாத அமில வகைக் கிருமிநீக்கி போதும்.

மிக்ஸியில் அரைப்பது

மால்ட்டை மாவாக்கக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பு நொய்யாக உடைய வேண்டும், மேலே இருக்கும் உமி கூடியவரை முழுசாகப் பிரிய வேண்டும். அந்த உமிதான் வடிக்கும்போது சல்லடை. மிக்ஸியில் போட்டால் உமியும் தூளாகி, பானையின் அடியில் களிபோல அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு இறங்காது. உருளை மில்லில் இடைவெளி 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து ஒரு கைப்பிடி உடைத்துப் பாருங்கள். முழு மணி தட்டுப்பட்டால் சற்றே நெருக்குங்கள்.

சூட்டைத் துரத்துவது

முளைகட்டிய கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் நீர்த்து, லேசாக இனிக்கும், இல்லையா? முளையில் உண்டான என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதால் அப்படி. பார்லி மால்ட்டிலும் அதே வேலைதான். 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் விட்டால் போதும். அந்த வரம்புக்குள் கீழே போனால் பீர் வறட்சியாக வரும், மேலே போனால் கனமாக வரும்.

புதிதாகச் செய்பவர்கள் மால்ட்டைக் கொட்டியதுமே அளப்பார்கள். 71 காட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள், 62-க்கு இறங்கும். பிறகு கொதிநீர். இப்படியே அரை மணி நேரம் போய், பானை நிறைந்து, என்சைமும் பாதி செத்திருக்கும். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி, மால்ட்டைக் கொட்டிக் கிளறி, ஐந்து நிமிடம் கழித்து நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். இது அறைச் சூட்டில் இருக்கும் மால்ட்டுக்கான கணக்கு. குளிர்காலத்தில் கராஜில் வைத்து 5 டிகிரிக்கு இறங்கிய மால்ட் என்றால் தண்ணீர் 75-76 இருக்க வேண்டும். அப்புறம் பானையைக் கம்பளியால் சுற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் ஒன்றும் ஆகாது. தெர்மாமீட்டர் சரியா என்று மட்டும் முதல் நாளே பாருங்கள்: நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் 0, கொதிநீரில் 100.

கடைசிச் சொட்டு வரை வடிப்பது

மால்ட்டுக்குக் கொடுத்த காசு முழுக்க வர வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இனிப்பு போன பிறகும் அலசிக்கொண்டே இருந்தால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். டீ பையை மறந்து ஊறவிட்ட ருசி வரும். அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வடிவது ஹைட்ரோமீட்டரில் (கரைந்திருக்கும் சர்க்கரையைக் கணிக்க அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி) 1.010 காட்டும்போது நிறுத்துங்கள். அளக்கும் முன் ஆறவிடுங்கள். ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் குறிக்கப்பட்டவை.

மூடி போட்டுக் கொதிக்க வைப்பது

வடித்த இனிப்பு நீரை மூடிக் கொதிக்கவைத்தால் வேகவைத்த சோள வாசம் வரும். மூடாதீர்கள்.

தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் பிடிப்பது

ரப்பர் வாசம் பீருக்குள் போகும்.

நாளை எண்ணிப் பாட்டிலில் அடைப்பது

"பதினாலு நாளாச்சு, அடைச்சிட்டேன்" என்பார்கள். ஈஸ்ட்டுக்கு நாள் தெரியாது. அறை குளிர்ந்திருந்தால் மெதுவாகத் தின்னும், சில சமயம் நடுவில் தூங்கியும் போகும். சர்க்கரை மிச்சமிருக்கும்போது, அதற்கு மேல் நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையும் போட்டு மூடினால் பாட்டில் வெடிக்கும். எங்கள் வீட்டு நிலவறையில் ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. ஒன்று வெடித்ததில் பக்கத்தில் இருந்த மூன்றும் போயின. காலையில் பார்த்தால், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த குளிர்கால ஜாக்கெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்ட வேண்டும். அந்த அளவு நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், அறையைக் கொஞ்சம் சூடாக்கி இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அடைத்த பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

பச்சை பாட்டில்

வெளிச்சம் பட்டால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சத்து நாறும். பழுப்புதான் வாங்க வேண்டும்.